கன்றுக்குட்டியை எங்கே கட்டுவது? வடசென்னை மாட்டுக்காரர் முன் இருக்கும் நான்கு வழிகள்

மாடு வாங்கும்போது நாலு பேரைக் கேட்கிறோம். எத்தனையாவது ஈத்து, மடி எப்படி, எத்தனை லிட்டர் கறக்கும் என்று துருவித் துருவி விசாரிக்கிறோம். கன்று பிறந்தால் மட்டும் அதை எங்கே கட்டுவது என்று யாரும் யோசிப்பதில்லை. எங்கே இடம் மிச்சமோ அங்கே ஒரு முளையடித்துக் கட்டிவிடுகிறோம். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மாதவரம் என்று நான் பார்த்த கொட்டாய்களில் அந்த மிச்ச இடம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது: பெரிய மாடுகளின் பின்பக்கம், சாக்கடையை ஒட்டி, சுவரோரம். ஈரம் அதிகமாகவும் காற்று குறைவாகவும் இருக்கும் மூலை அதுதான். கொசு அடைவதும் அங்கேதான்.

இரண்டு மாட்டிலிருந்து பத்து மாடு வரை வைத்து வீடுவீடாகப் பால் ஊற்றுகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெரிய பண்ணைக்காரர்களுக்கு ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறது. நம் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. தாய்க்குப் பக்கத்திலேயே கட்டுவது, தனித்தனிக் கூண்டில் விடுவது, இரண்டு மூன்று கன்றுகளை ஒரு தடுப்புக்குள் அவிழ்த்துவிடுவது, பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் வளர்ப்புக்கு அனுப்பிவிடுவது. நான்கையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன்: ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்தத் தரை காயுமா?

இதை ஏன் முதல் கேள்வியாக வைக்கிறேன் என்றால், கன்று வளர்ப்பைப் பற்றிக் கிடைக்கும் புத்தகங்களிலும் வீடியோக்களிலும் பாதி குளிர்தேசத்துச் சரக்கு. பிறந்த கன்றுக்குக் குளிர் தாக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், காற்று படாமல் மூடுங்கள், சூடு விளக்கு போடுங்கள் என்று சொல்வார்கள். இளங்கன்றின் உடம்பு சிரமப்படாமல் தாங்கும் வெப்பநிலை ஏறத்தாழ 10லிருந்து 26 டிகிரி வரை. சென்னையில் மார்கழி விடியற்காலையே 18 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். 2003 மே 31 அன்று 45 டிகிரி தொட்ட ஊர் இது. நம் கன்று, நனைந்து கிடந்தால் ஒழிய, குளிரில் விறைப்பதில்லை. வெக்கையும் புழுக்கமும்தான் அதை வாட்டுகின்றன.

வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்க்க ஒரு குறியீடு உண்டு. கறவை மாட்டுக்கு அது 72ஐத் தாண்டினால் வெப்ப அயர்ச்சி தொடங்கும் என்பது பழைய கணக்கு. 34 டிகிரி வெயிலும் 65 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு சாதாரணச் சித்திரைப் பிற்பகலுக்குக் கணக்குப் போட்டால் 86 வருகிறது. சரி, மழைக்காலத்தில் குறையுமே என்று பார்த்தால், 28 டிகிரி, 80 விழுக்காடு ஈரப்பதத்துக்கு 80ஐ ஒட்டி நிற்கிறது. கன்றின் முன்வயிறு இன்னும் வேலை செய்யத் தொடங்காததால் உள்ளே சூடு குறைவாக உண்டாகிறது. அதனால் தாயைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தாங்கும். ஆனாலும் வருஷத்தில் பெரும்பகுதி அது விளிம்பிலேயே நிற்கிறது என்பதுதான் விஷயம்.

அடுத்தது தரை. சின்னக் கன்று ஒரு நாளில் சுமார் 18 மணி நேரம் படுத்தே இருக்கும். நமக்குக் கொட்டாய் என்றால் கண்ணுக்குத் தெரியும் கூரையும் சுவரும். அதற்குக் கொட்டாய் என்றால் தரையிலிருந்து ஒரு முழ உயரம்தான். மாட்டு மூத்திரமும் சாணியும் கலந்து கிளம்பும் அம்மோனியா அந்த உயரத்தில்தான் கெட்டியாக இருக்கும். காற்றில் பத்து லட்சத்தில் பத்து பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அளக்கக் கருவி தேவையில்லை. கன்று படுக்கும் இடத்தில் மண்டி போட்டு மூக்கைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இரண்டு மூச்சு இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் அளவு எப்போதோ தாண்டிவிட்டது. அப்படியே அரை நிமிடம் மண்டி போட்டுவிட்டு எழுந்து முழங்காலைத் தொட்டுப் பாருங்கள். லுங்கி நனைந்திருந்தால் படுக்கையை மாற்ற வேண்டும்.

இந்த அம்மோனியா ஆவி நுரையீரலின் உள்சுவரை அரித்துவிடும். அதன் பிறகு சாதாரணச் சளிக் கிருமியே நிமோனியாவாகிவிடுகிறது. கழிச்சலில் போகும் கன்று நாலு பேர் கண்ணில் படும். நெஞ்சு கெட்ட கன்று செத்துப்போகாமல் நோஞ்சானாக வளர்ந்து, சினை பிடிக்கத் தாமதமாகி, முதல் ஈத்தில் பால் குறைந்து நிற்கும்போது, “சாதி சரியில்லை, ஊசி சரியில்லை” என்று பழி வேறெங்கோ போய்விடும்.

தாய்க்குப் பக்கத்திலேயே கட்டுவது

பழக்கமான வழி. செலவு இல்லை. கன்று முட்டினால் மடி நன்றாகச் சுரக்கும் என்பது உண்மை. கலப்பின மாடுகளிலும் கன்று இல்லாமல் பாலை இறக்காத மாடு எத்தனையோ உண்டு. பிறந்தவுடன் தாய் நக்கிக் காயவைப்பதற்கும் சீம்பால் உடனே கிடைப்பதற்கும் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. சீம்பால் என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் பால் கொடுக்கணும் என்று காத்திருக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. விட்டுவிடுங்கள். முதல் ஆறு மணி நேரத்துக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போக வேண்டும். 25 கிலோ கன்று என்றால் இரண்டரை லிட்டர். நேரம் போகப் போகக் குடல் சீம்பாலில் இருக்கும் எதிர்ப்புச் சக்தியை உறிஞ்சும் திறனை இழந்துகொண்டே வரும். ஒரு நாள் கழிந்தால் அநேகமாக ஒன்றும் ஏறாது. கன்றின் இடம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இதை ஈடுகட்ட முடியாது.

மூன்று நாலு நாள் கழித்துத்தான் இந்த வழியின் வண்டவாளம் தெரியவரும். பெரிய மாட்டுக்கு ஒன்றும் செய்யாத கிருமி கன்றைச் சாய்த்துவிடும். பெரிய மாட்டின் சாணியில் நின்று, அதையே நக்கி, அதன் மேலேயே படுக்கும் கன்றுக்கு நோய் எங்கிருந்து வந்தது என்று தேடவே வேண்டாம். ரத்தக்கழிச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் முதல் ஆறு மாதம் வரையுள்ள கன்றுகளைப் பிடிக்கும் இந்த ஒட்டுண்ணியின் முட்டை சாணியில் வெளியே வந்தவுடனே தொற்றாது. ஈரமும் சூடும் உள்ள தரையில் சில நாள் கிடந்து முதிர்ந்த பிறகுதான் தொற்றும். தினமும் வழித்தெடுத்துக் காயவிட்டால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். பினாயில் ஊற்றினால் நாற்றம் மாறுமே தவிர முட்டை சாகாது. உலர்ச்சியும் வெயிலும்தான் அதற்கு எமன்.

இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே நிற்கிறது. காலையும் மாலையும் குழாய் பிடித்துக் கொட்டாயைக் கழுவுவது. சுத்தக்காரர் என்று பெயர் வரும், சரி. ஆனால் 80 விழுக்காடு ஈரப்பதத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு நனைத்த சிமெண்ட் தரை விடியும்வரை காயாது. கன்று இரவு முழுக்க அதில்தான் கிடக்க வேண்டும். முதலில் சாணியைத் தண்ணீர் விடாமல் வழித்தெடுத்துவிட்டு, காலையில் ஒரே ஒருமுறை கழுவுவதே நல்லது. இன்னொன்று, மழைக்காலத்தில் தெருவில் போடுவதைப் பார்த்து நாமும் கொட்டாய்க்குள் பிளீச்சிங் பவுடர் தூவுகிறோம். மூத்திரத்தில் இருக்கும் அம்மோனியாவோடு அது சேர்ந்தால் நெஞ்சை அரிக்கும் ஆவி கிளம்பும். கன்றை வெளியே கட்டி, தரையை நன்றாகக் கழுவிய பிறகு போடுவதானால் போடலாம். உள்ளே கன்று இருக்கும்போது கூடவே கூடாது.

ஆகத் தாய்ப்பக்கம் என்பது முதல் மூன்று நாளுக்குப் பொருத்தமான இடம். அதற்குப் பிறகு கறவை நேரத்தில் கொண்டுவந்து ஊட்டவிட்டுத் திருப்பிக் கட்டினால் போதும். மடியும் சுரக்கும், கன்றும் தப்பிக்கும். கொட்டாயில் பெரிய மாடு இரண்டு மட்டும் இருந்து, தரை சரிவாக ஓடி, இரண்டு பக்கம் திறந்திருந்தால், வேறு இடமே இல்லையென்றால், இதையே தொடர்வதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. அப்படி அமைந்த கொட்டாய் வியாசர்பாடிச் சந்துகளில் குறைவு.

தனிக் கூண்டு

வெளிநாட்டுப் பண்ணைப் படங்களில் வெள்ளை வெள்ளையாக வரிசை கட்டி நிற்கும் பிளாஸ்டிக் கூண்டுகளைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. ஒன்றுக்கொன்று மூக்கு படாததால் தொற்று குறையும் என்பது அதன் தர்க்கம். குளிர்நாட்டுக்கு அது சரி. சென்னை வெயிலில் நிழலில்லாத இடத்தில் வைத்தால் உள்ளே வெளியைவிட வெக்கையாக இருக்கும். பின்பக்கத்தை ஒரு ஹாலோபிளாக் கல் வைத்துத் தூக்கி, மேலே நிழல்வலை கட்டினால் ஓரளவு சமாளிக்கலாம். அவ்வளவு செலவும் பாடும் பட்டுச் சமாளிப்பதற்குப் பதில் ஒரு கீற்றுப் பந்தலே போட்டுவிடலாம்.

இதில் நலம் சார்ந்த கேள்வியும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் எட்டு வாரத்துக்கு மேல் கன்றைத் தனியாக அடைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதற்கு முன்னால் தனியாக வைத்தாலும் பக்கத்துக் கன்றைப் பார்க்கவும் தொடவும் முடிகிற மாதிரி தடுப்பு இருக்க வேண்டும். நோய்வாய்ப்பட்ட கன்றுக்கு விலக்கு உண்டு. மாடு கூட்டமாக வாழும் உயிர். தனியாக வளர்ந்த கன்று புதுத் தீவனம், புது இடம், புது ஆள் எதைப் பார்த்தாலும் மிரளும்.

ஒரே ஒரு வடிவத்தில் எனக்கு இது பிடித்திருக்கிறது. தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி, மரச்சட்டங்களை விரலிடை விட்டு அடித்த மேடை. மூத்திரம் கீழே இறங்கிவிடும், வயிறு உலர்ந்திருக்கும். தச்சரிடம் சொன்னால் பழைய மரத்திலேயே அடித்துக் கொடுப்பார். முதல் பத்துப் பதினைந்து நாளுக்கும், கழிச்சல் கண்ட கன்றைப் பிரித்து வைப்பதற்கும் அது நல்ல ஏற்பாடு. இடைவெளி அதிகமானால் குளம்பு மாட்டிக்கொள்ளும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

இரண்டு மூன்று கன்றுக்கு ஒரு தடுப்பு

நான் இந்தப் பக்கம்தான். கயிறே இல்லாமல், எட்டுக்கு நாலு அடி தடுப்பில் இரண்டு கன்று. ஐரோப்பியக் கணக்குப்படி 150 கிலோவுக்குக் குறைந்த கன்றுக்கு ஒன்றரைச் சதுர மீட்டர், அதாவது 16 சதுர அடி. இங்கே சொல்லப்படும் கணக்கு, மூன்று மாதம் வரை கன்றுக்குக் கூரைக்கடியில் ஒரு சதுர மீட்டர், திறந்த வெளியில் இரண்டு சதுர மீட்டர். சென்னையில் திறந்தவெளிக்கு எங்கே போவது? எட்டுக்கு நாலு என்பது ஒரு கட்டில் போடும் இடம். ஒரு டூவீலரை வெளியே நிறுத்தினால் கிடைத்துவிடும்.

ஜோடியாக வளரும் கன்று ஒன்றைப் பார்த்து ஒன்று சீக்கிரம் தவிடும் புண்ணாக்கும் கொறிக்கத் தொடங்கும். பால் நிறுத்தும்போது அவ்வளவாக வாடாது. குறை என்று சொல்வது, ஒன்றின் காதையும் தொப்புளையும் மற்றொன்று சப்புவது. பால் குடித்தவுடன் வரும் பழக்கம் அது. காம்பு வைத்த வாளியில் மெதுவாகக் குடிக்கவிட்டு, குடித்ததும் வாயில் கொஞ்சம் வைக்கோலோ தீவனமோ கொடுத்தால் பெரிதும் அடங்கும். இன்னொன்று, எண்ணிக்கை ஏழு எட்டைத் தாண்டினால் நெஞ்சு நோய் கூடும். நம்மிடம் அந்தப் பிரச்சினை வராது. வயது வித்தியாசம்தான் நமக்குச் சிக்கல். பிறந்து ஒரு வாரமான கன்றை நாலு மாதக் கன்றோடு விட்டால் பெரியது விழுங்கிய கிருமியெல்லாம் சின்னதுக்குப் போகும், தீவனமெல்லாம் பெரியதுக்குப் போகும். ஒரு மாதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் சேர்க்கலாம். பக்கத்துத் தெருக்காரரின் கன்றையும் சேர்த்து ஜோடி போடலாமா என்று ஒரு அக்கா கேட்டார். நோய் இல்லாத கன்றாக இருந்து, இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை நன்றாக இருந்தால் தாராளமாக.

தடுப்பை எங்கே வைப்பது என்பதில்தான் வடசென்னைக்கே உரிய ஒரு தலைவலி. கோடையில் நமக்கு உயிர் கொடுப்பது மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று. திருவொற்றியூர், காசிமேட்டுப் பக்கம் அது சீக்கிரம் வந்துவிடும். மாதவரம், புழலுக்குக் கொஞ்சம் தாமதம். ஆகக் கிழக்குப் பக்கம் திறந்திருக்க வேண்டும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் சாரல் அடிப்பதும் அதே வடகிழக்கிலிருந்துதான். சென்னையில் ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் கொட்டுகிறது. கோடைக்குத் திறந்தால் மழையில் நனையும், மழைக்கு மூடினால் கோடையில் வேகும். அதனால் நிரந்தரச் சுவர் எழுப்பாதீர்கள். கிழக்கிலும் வடக்கிலும் சுருட்டி ஏற்றி இறக்கும் தார்ப்பாய் கட்டுங்கள். இறக்கும்போதும் மேலே ஓரடி இடைவெளி விட வேண்டும், அந்த வழியாகத்தான் புழுக்கம் வெளியேறும். மேற்கே மட்டும் நிரந்தர மறைப்பு வையுங்கள். சாயங்கால வெயில் கன்றின் மேல் நேராக விழக் கூடாது.

கூரையில், கீற்றை மிஞ்ச ஒன்றும் இல்லை. வெயிலை உள்ளே விடாது, தானாக மூச்சு விடும். ஆனால் நெருக்கமான குடியிருப்பில் தீ என்றால் கீற்றுக் கொட்டாய்தான் முதலில் போகும். ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும், புயலுக்கும் நிற்காது. தகரம் நீடிக்கும், நடுப்பகலில் அனலைக் கீழே இறக்கும். சிமிட்டி ஷீட் இரண்டுக்கும் நடுவே. பலரும் செய்வது போலத் தகரத்துக்கு அடியில் ஓரடி விட்டு ஓலைத் தட்டியோ மூங்கில் பாயோ கட்டி, தகரத்தின் மேல்பக்கம் சுண்ணாம்பு அடித்துவிட்டால் வித்தியாசம் உடனே தெரியும். அடுப்பும் மின்கம்பியும் பக்கத்தில் இல்லாத இடத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். காங்கிரீட் மாடிக்கு அடியில் இருக்கும் கார் ஷெட்டில் கன்று வைப்பவர்கள் பகலில் தப்பிக்கிறார்கள். இரவில்தான் அந்தக் காங்கிரீட் பகலில் குடித்த சூட்டைக் கக்கும். அங்கே ஒரு மின்விசிறி இல்லாமல் சரிப்படாது.

மின்விசிறி பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். கன்றுக்கு ஃபேனா என்று சிரிப்பவர்கள் உண்டு. பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய் ஓரத்தில் மாலை ஆறு மணிக்கு நின்று பார்த்தவர் சிரிக்க மாட்டார். கொசுவுக்குப் பயந்து சாக்குப்படுதாவை இறக்கி, உள்ளே வேப்பிலைப் புகை போட்டு, கன்றை அந்தப் புகைக்குள்ளேயே விட்டுவிடுகிறோம். கொசு போவது உண்மை. ஏற்கெனவே அம்மோனியாவில் புண்ணான நெஞ்சுக்கு அந்தப் புகை என்ன செய்யும் என்பதும் தெரிந்ததே. கொசு காற்றை எதிர்த்துப் பறக்கத் திராணியில்லாத பூச்சி. சுவரில் உயரமாக மாட்டிய ஒரு விசிறி, கன்று படுக்கும் பக்கம் சாய்த்துவிட்டால் கொசுவும் போகும், புழுக்கமும் போகும், தரையும் காயும். கம்பியை மட்டும் கன்றின் நாக்கு எட்டாத உயரத்தில், தண்ணீர் படாமல் கொண்டுபோங்கள். 2019இல் இந்தியாவுக்குள் வந்த பெரியம்மை போன்ற தோல் கழலை நோயைப் பரப்புவதும் கடிக்கும் ஈயும் கொசுவும் உண்ணியும்தான் என்பதால், இந்தச் செலவை மருந்துச் செலவில் கழித்துக்கொள்ளலாம்.

தரைக்கு வருவோம். மண்தரை மெத்தென்று இருக்கும், மழையில் சேறாகும். கடப்பா கல் கழுவ வசதி, ஆனால் வழுக்கும். சொரசொரப்பான சிமெண்ட் தரையில் நாற்பது அடிக்கு ஓரடி சரிவு கொடுத்தால், எட்டடி நீளத்துக்கு இரண்டரை அங்குலம் வரும், மூத்திரம் நிற்காமல் ஓடும். தெருமட்டத்திலிருந்து ஒன்றரை அடியாவது உயர்த்திக் கட்டுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது மணலியில் இருந்து எண்ணெய்ப் படலம் கலந்த தண்ணீர் எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள்ளேயே புகுந்தது. தாழ்வான கொட்டாய்களின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

மேலே என்ன விரிப்பது? செங்குன்றத்தில் அரிசி ஆலைகள் இருப்பதால் உமி சுலபமாகக் கிடைக்கிறது, பலரும் கொட்டுகிறார்கள். உமி ஈரத்தை உறிஞ்சாது, வழிந்து ஓடத்தான் விடும். நல்ல சரிவுத் தரையில் அது போதும், சமதரையில் உமியும் மூத்திரமும் சேர்ந்து களியாகிவிடும். தென்னை நார்க்கழிவு எடையைப் போலப் பல மடங்கு ஈரம் பிடிக்கும், கோடைக்குக் குளிர்ச்சி. அதுவும் அடைமழையில் கனத்துப்போய்க் காயாமல் கிடக்கும். மணல் குளுமை, சுத்தம், ஆனால் கன்று மணலை நக்கித் தின்னும். வைக்கோல்தான் வயிற்றுக்கு அடியில் உலர்வாக நிற்பது, தின்றாலும் கேடில்லை, விலைதான் இடிக்கும். நானாக இருந்தால் வருஷம் முழுக்க ஒரே விரிப்பு வைக்க மாட்டேன். பங்குனியிலிருந்து புரட்டாசி வரை நார்க்கழிவு, மழை தொடங்கியதும் கீழே உமி, மேலே வைக்கோல்.

தண்ணீரையும் சுற்றுச்சூழலில்தான் சேர்க்க வேண்டும். கடலோரப் போர்த்தண்ணீர் உப்புக் கரிக்கும். பெரிய மாடு கழனித்தண்ணியோடு கலந்து குடித்துவிடும். கன்றின் குடல் அதைத் தாங்காமல் கழியும், நாம் பாலைக் குறை சொல்வோம். நாம் குடிக்கும் மெட்ரோ தண்ணீரில் தினம் ஒரு வாளி கன்றுக்கு ஒதுக்குங்கள். பால் குடிக்கிறதே, தண்ணீர் எதற்கு என்று கேட்கக் கூடாது. கோடையில் முதல் வாரத்திலிருந்தே தனியாகத் தண்ணீர் வைக்க வேண்டும்.

காற்றில் வரும் நஞ்சுக்கு மட்டும் நாலு வழியிலும் பதில் இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் கடுமையாக மாசடைந்தவை என்று குறித்த 43 தொழிற்பகுதிகளில் மணலியும் ஒன்று. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் மருத்துவமனைக்கு ஓடினார்கள். கொடுங்கையூர்க் குப்பை மேடு எரியும் நாளில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்துக் கன்று இருமும். ஆலைப்புகையை நம்மால் நிறுத்த முடியாது. நம் கொட்டாய்க்குள் உண்டாகும் அம்மோனியாவைக் குறைக்க முடியும். வெளியே இவ்வளவு இருக்கும் ஊரில் உள்ளேயும் சேர்த்துக் கொடுப்பது அநியாயம்.

ஊருக்கு அனுப்புவது

தெருவில் திரியும் மாடுகளை மாநகராட்சி பிடித்து அபராதம் போடத் தொடங்கிய பிறகு இந்தப் பேச்சு அதிகமாகியிருக்கிறது. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கம் உறவுக்காரர் இருந்தால் கிடேரிக் கன்றைப் பங்குக்கு வளர்க்கக் கொடுத்துவிட்டு, சினையானதும் கொண்டுவருவது. வெட்டவெளி, மரநிழல், மேய்ச்சல் எல்லாம் கிடைக்கும். நோய்க் கிருமி நெருக்கமும் குறையும்.

இதற்கு நான் எதிரி இல்லை, அவசரத்துக்குத்தான் எதிரி. பத்து நாள் கன்றை மினிலாரியில் ஏற்றி அனுப்புகிறார்கள். பயண அயர்ச்சி, புது இடத்துக் கிருமி, பால் மாற்றம் மூன்றும் ஒரே நாளில் விழுந்தால் எந்தக் கன்றும் ஆடிப்போகும். பால் நிறுத்தி, தீவனம் நன்றாகத் தின்னத் தொடங்கி, இரண்டு வாரம் கழித்து, அதாவது மூன்று மாதத்துக்கு மேல் அனுப்பினால் போதும். அங்கேயும் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிய கதை பல பத்தாண்டுப் பழையது, ஆகவே போர்த்தண்ணீரை வாயில் ஊற்றிப் பாருங்கள். மேய்ச்சலில் உண்ணி ஏறும், அதன் வழியாக ரத்தத்தில் காய்ச்சல் கிருமி ஏறும். கலப்பினக் கன்று அதில் சீக்கிரம் விழும். உறவுக்காரர் வாரம் ஒருமுறை காதுக்கு உள்ளேயும் தொடை இடுக்கிலும் பார்ப்பாரா என்று கேளுங்கள். பார்க்க மாட்டார் என்றால் எவ்வளவு பெரிய தோப்பு இருந்தும் பயனில்லை.

காளைக்கன்றைப் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை. அது பெரும்பாலும் பிறந்த சில வாரத்தில் கைமாறிவிடுகிறது. இருக்கும் வரைக்கும் அதற்கும் சீம்பாலும் உலர்ந்த தரையும் கொடுப்பதில் தனிச் செலவு எதுவும் இல்லை. பக்கத்துக் கிடேரிக்கு நோய் பரவாமல் இருக்கவாவது அதைச் செய்ய வேண்டும்.

யாருக்கு எது

கொருக்குப்பேட்டையில் சந்துக்குள் இரண்டு மாடு, ஒரே கொட்டாய் என்றால் மூன்று நாள் தாயோடு வையுங்கள். பிறகு மரமேடை, கறவை நேரத்தில் மட்டும் தாய். மூன்று மாதம் முடிந்ததும் ஊரில் நம்பிக்கையான ஆள் இருந்தால் அனுப்பிவிடுங்கள். மழைக்காலத்தில் தெருத்தண்ணீர் உள்ளே வரும் வீடாக இருந்தால் இதில் யோசிக்கவே வேண்டாம்.

மாதவரம், புழல் பக்கம் கொஞ்சம் மனை இருந்து நாலு மாட்டுக்கு மேல் இருந்தால் ஜோடித் தடுப்பைக் கட்டுங்கள். சினைப்படுத்தும் தேதிகளை ஒன்றுக்கொன்று பக்கத்தில் வைத்துக்கொண்டால் கன்றுக்கு ஜோடி தானாகக் கிடைக்கும். கடைசி இரண்டு மாதச் சினை மாட்டையும் அந்தத் தடுப்புக்குப் பக்கத்திலேயே நிழலில், காற்றில் கட்டுங்கள். அந்த மாதங்களில் வெக்கையில் வாடிய தாய்க்குக் கன்று எடை குறைந்து பிறக்கிறது, சீம்பாலிலிருந்து எதிர்ப்புச் சக்தியை எடுத்துக்கொள்வதிலும் பின்தங்குகிறது. சந்தேகம் வந்தால் மாதவரம் பால்பண்ணையில் கால்நடை அறிவியல் பல்கலைக்கழகமும், 1903இல் தொடங்கி இப்போது வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் பஸ் தூரத்தில்தான் இருக்கின்றன. இந்த வசதி எல்லா ஊர் மாட்டுக்காரருக்கும் கிடையாது.

எந்த வழியை எடுத்தாலும் மாலை நாலு மணிக்குக் கன்று படுத்திருக்கும்போது விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கினால் 30லிருந்து 50க்குள் வர வேண்டும். வெயில் வேளையில் 60ஐத் தாண்டினால் நிழலும் காற்றும் போதவில்லை. குளிர்ந்த விடியற்காலையிலும் தாண்டுகிறது, காது தொங்குகிறது, மூக்கு ஒழுகுகிறது என்றால் இடத்தை மாற்றுவது பிறகு, முதலில் டாக்டர். ஊருக்கு அனுப்பிய கிடேரியாக இருந்தால் ஒரு தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்: சினை கலைய வைக்கும் கன்று வீச்சு நோய்க்கான தடுப்பூசி நாலு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் ஒருமுறை போடுவது. அங்கே போடுவார்கள் என்று நாமும், இங்கேயே போட்டிருப்பார்கள் என்று அவர்களும் இருந்துவிட்டால் அந்த வயது தாண்டிவிடும்.